ஒன்று தசம் எட்டு

காங்கேசன்துறை
09.06.2025

கலாநிதி ஜெசிதா அவர்கட்கு,

குருநகரில் போட் எஞ்சின் திருத்தும் லெனாட் எழுதுவது. நான் உம்முடைய அத்தான் என்பதும், உம்முடைய அக்கா லூர்த்தம்மாவை இருபத்தொன்பது வருடத்துக்கு முன் கோவிலில் வைத்து மணந்தவன் என்பதும் உமக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். உமது புத்தகத்தில் என் பெயர் இல்லை. பெயரைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது.

‘கரையோரக் குடும்பங்களில் இல்லற நிறைவு’ என்று உமது பல்கலைக்கழகத்தில் அச்சடித்து எங்கள் வாசிகசாலையில் வைத்தீரே, அந்தச் சின்னப் புத்தகத்தைச் சொல்கிறேன். பதினோராம் பக்கம். ‘போட் எஞ்சின் திருத்துபவர் ஒருவரின் மனைவி. மணமாகி 29 ஆண்டுகள். நிறைவுப் புள்ளி ஏழுக்கு 1.8. ஆய்வில் பதிவான மிகக் குறைந்த புள்ளிகளில் ஒன்று.’ எங்கள் கரையில் போட் எஞ்சின் திருத்துபவர் எத்தனை பேர் என்று நினைத்தீர்? நான் ஒருவன்தான்.

சலூனில் முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு இருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் ஜெரிசன். அவன்ரை போட்டுக்கு நான்தான் எஞ்சின் பார்க்கிறது. கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, “அண்ணை, ஒண்டு தசம் எட்டாமே? ஒண்டு எல்லாருக்கும் சும்மா குடுக்கிறது. அந்தத் தசம் எட்டு என்னத்துக்குக் கிடைச்சது?” என்றான். பாதிச் சவரத்தோடு எழும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து கொக்காவிடம், என் லூர்த்தம்மாவிடம், கேட்டேன்.

“நீ உப்பிடிச் சொன்னனியோ?”

“ஓம், சொன்னனான்.”

“ஏன்?”

“அதைக் கேக்காதேங்கோ.”

உங்கள் வீட்டில் பிறந்த ஒருத்தியின் வாயைத் திறக்கவும் மற்றவரின் வாயை மூடவும் என்னிடம் உள்ள சாவி எதுவும் பொருந்தாது.

நான் மட்டும் குறை இல்லாமல் வாழ்ந்தேனா? சில நாட்களில் பசித்து வந்தால் அடுப்பே மூட்டியிராது. அரிசி களைந்த பானை அப்படியே இருக்கும், அவள் வாசலில் நிற்பாள். இருபத்தொன்பது வருடமாக அந்தச் சோம்பலைப் பொறுத்தேன். அதைப் பற்றி ஒருவரும் புத்தகம் போடவில்லை.

இப்போது காங்கேசன்துறையில், என் ஒன்றுவிட்ட தம்பி எமில்ராஜ் வீட்டில் இருக்கிறேன். இங்கும் எஞ்சின்கள் பழுதாகின்றன. உமது எண் பிழை என்று நீர் காட்டினால் வீட்டுக்குப் போவேன். சரி என்றால் இங்கேயே இருந்துவிடுவேன். என்னோடு வாழ்ந்ததற்கு ஒன்று தசம் எட்டுப் போட்டவளின் வீட்டில் எந்த முகத்தோடு சோற்றுக் கோப்பையை நீட்டுவது?

தொலைபேசியில் எடுக்க வேண்டாம். நீர் குறுக்கே கதைப்பீர். கடிதத்தில் அது முடியாது.

இப்படிக்கு,
புள்ளி குறைந்த லெனாட்


வட்டுக்கோட்டை
14.06.2025

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் மன்னிப்பு. பதில் சொன்னவர் இன்னார் என்று வெளியே தெரியக் கூடாது என்பது எங்கள் துறையின் முதல் ஒழுங்கு. பெயரை நீக்கினால் போதும் என்று நினைத்தேன். குருநகரில் பிறந்த நான் அப்படி நினைத்தது வெட்கம்தான். வாசிகசாலையில் வைத்த பன்னிரண்டு பிரதிகளையும் திரும்ப எடுக்கப் போனேன். ஒன்பதுதான் இருந்தன. அவற்றிலும் ஐந்தில் பதினோராம் பக்கம் மடிக்கப்பட்டிருந்தது.

ஆனால் நான் மன்னிப்புக் கேட்பது அச்சிட்டதற்கு. எண்ணுக்கு அல்ல.

உங்களுக்கு இனிப்பாக எழுத எனக்கு வராது. வினாக்கொத்தில் பத்துக் கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை புள்ளி. ‘சற்றும் உடன்படவில்லை’ என்றால் ஒன்று, ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்றால் ஏழு. வெளிநாடுகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட அளவுகோல் அது. என் ஆய்வு உதவியாளர் றொசாந்தி 162 மனைவியரை நேரில் கண்டு கேட்டாள். ஒப்பிட்டுப் பார்க்கப் புத்தூரில் தோட்டக்காரர்களின் மனைவியரையும் கேட்டாள். புத்தூரின் சராசரி 5.6. குருநகரின் சராசரி 3.2.

தற்செயலாக வந்த பதில்களோ என்று பார்க்க, இரண்டு கிழமை, பதினாலு நாள், கழித்து அறுபது பேரிடம் மறுபடியும் போனாள். ஏறக்குறைய அதே பதில்கள். அக்காவிடமும் இரண்டு தரம் கேட்டிருக்கிறாள். இரண்டு தரமும் 1.8. இதைத்தான் நம்பகம் என்கிறோம். இந்த ஆய்வை ஓகஸ்ட் மாதம் கொழும்பில் ஒரு மாநாட்டில் வாசிக்கப் போகிறேன்.

அக்கா அப்படி உணர்ந்தால் அதை நான் மாற்ற முடியாது. வருத்தம்தான்.

ஜெசிதா


காங்கேசன்துறை
20.06.2025

கலாநிதி அவர்கட்கு,

நம்பகம் பற்றி எழுதியிருந்தீர். எனக்கும் ஒரு நம்பகமான சாமானைத் தெரியும்.

ஜெரிசனின் போட்டில் எண்ணெய் மீற்றர் ஒன்று இருந்தது. தாங்கி நிறைந்திருந்தாலும் அரைத் தாங்கி காட்டும். காலியாக இருந்தாலும் அரைத் தாங்கி. காலையில் பார்த்தால் அரை, பின்னேரம் பார்த்தால் அரை, இரண்டு கிழமை கழித்து உம்முடைய றொசாந்தி வந்து பார்த்தாலும் அரை. அதைப் போல் சொன்ன சொல் மாறாத மீற்றரை நான் கண்டதில்லை. அதை நம்பிப் போனவன் நடுக்கடலில் விடியும்வரை நின்றான். முள்ளு இறுகிக் கிடந்தது. அது எண்ணெயை அளக்கவில்லை, தன்ரை துருவை அளந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். உமது மீற்றர் ஒரே மாதிரிக் காட்டுகிறது, சரி. அது எதைக் காட்டுகிறது?

எமில்ராஜின் மகள் அந்த வினாக்கொத்தை எங்கோ தேடி எடுத்துத் தந்தாள். வாசித்தேன். நான்காம் கூற்று: ‘மீண்டும் பிறந்தால் இவரையே மணப்பேன்.’ கொக்கா மறைக்கல்வி படிப்பித்தவள். செத்தால் உத்தரிக்கிற தலம், பிறகு மோட்சம், மீண்டும் பிறக்கிற கதையே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளிடம் போய் இதைக் கேட்டால் அவள் ஒன்றுக்கு மேல் எப்படிப் போடுவாள்? எட்டாம் கூற்று: ‘வார இறுதியில் நாம் இருவரும் வெளியே சென்று உணவருந்துவோம்.’ வெளியே என்றால் எங்கே? வெளியே சாப்பிடுவது வீட்டில் சாப்பாடு இல்லாதவன்.

அந்த இரண்டுக்கும் ஒன்று ஒன்று போட்டாள் என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். மொத்தம் பதினெட்டு. மிச்சம் பதினாறு, எட்டுக் கூற்று. இரண்டு இரண்டாக வருகிறது. கடதாசியைத் திருப்பி வைத்தும் பார்த்தேன். ஆறுதல் இல்லை.

இங்கே சாப்பாட்டில் புளி கூடுதல். எமில்ராஜின் மனைவி நல்லவள், அதனால் சொல்ல முடியவில்லை. கொக்காவைப் போய்ப் பாரும். நீர் விஞ்ஞானி. நான் கேட்டால் ‘கேக்காதேங்கோ’. உமக்கு வேறு ஏதும் சொல்லக்கூடும்.

லெனாட்


வட்டுக்கோட்டை
30.06.2025

அன்புள்ள அத்தான்,

உங்கள் மீற்றர் கதையை மூன்று தரம் வாசித்தேன். அதற்கு எங்கள் துறையில் பெயர் இருக்கிறது. ஒரு கருவி அளக்க வந்ததைத்தான் அளக்கிறதா என்பதைத் தகுதி என்போம். நம்பகம் இருந்தால் தகுதியும் இருக்கும் என்று எழுதும் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் நான் புள்ளி குறைப்பேன். இந்த ஆண்டு எனக்குத்தான் குறைக்க வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின் அக்காவிடம் போனேன். பிறசருக்குப் போடும் குளிசையை நீங்கள் விட்டுவிட்டுப் போனதாகச் சொல்லி ஒரு பொட்டலம் தந்தாள். இத்துடன் அனுப்புகிறேன். எமில்ராஜ் வீட்டில் புளி கூடுதலாகப் போடுவார்கள், உங்களுக்கு வயிற்றுக்கு ஒத்துவராது என்றாள். நீங்கள் எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. பிறகு மெதுவாகப் புள்ளிக் கதையை எடுத்தேன்.

“அக்கா, அந்த ஒன்று தசம் எட்டு…”

“அது அப்பிடியே இருக்கட்டும்.”

“உண்மையோ, பொய்யோ?”

“நீ படிச்சனி. நீயே கண்டுபிடி.”

“அவர் வீட்டை விட்டுப் போயிட்டார். பிறகும் சொல்லமாட்டியோ?”

அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, “அந்தப் பெட்டை கேக்கிறதெண்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டிருக்கலாம்தானே. புதன்கிழமை வந்து நிண்டு கொண்டு, புருசன் நல்லவரோ, குடுத்து வைச்சனியோ எண்டு கேட்டால்? ஆர் வாயாலை சொல்லுவினம்?” என்றாள். பிறகு, தான் அதிகம் சொல்லிவிட்டவள் போல எழும்பி உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து 162 தாள்களையும் நிலத்தில் பரப்பி, கேட்ட கிழமைப்படி அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பதில் சொன்னவர்கள் 41 பேர். சராசரி 5.7. புத்தூரை விட அதிகம். மற்ற நாட்களில் சொன்ன 121 பேரின் சராசரி 2.4. ஞாயிறு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை என்பது நான் பிறந்த நாளிலிருந்து அறிந்தது. கிழமை நாளாக இருந்தும் கணவர் கரையில் நின்ற ஒன்பது வீடுகள் இருந்தன. போட் பழுது, காய்ச்சல், கலியாண வீடு. அந்த ஒன்பதிலும் எட்டுப் பேர் ஐந்துக்கு மேல்.

கணவர் கடலில் நிற்கும்போது, ‘நான் நல்லாக இருக்கிறேன், எனக்கு நல்ல மனிதன் கிடைத்தான்’ என்று எங்கள் பெண்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாவூறு, சொன்ன சொல்லே கடலில் நிற்பவருக்குக் கேடாகும் என்ற பயம். எவ்வளவு மீன் பட்டாலும் ‘ஒண்டுமில்லை’ என்று சொல்லிக்கொண்டு கரையேறும் ஊர் அது. அப்பா அப்படித்தான் கரையேறினார். அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு, வெளிநாட்டு வினாக்கொத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அது இல்லற நிறைவை அளக்கவில்லை. போட் எங்கே நிற்கிறது என்பதை அளந்தது. இரண்டாம் தரமும் அதே பதில் வந்ததற்குக் காரணமும் தெரிந்தது. றொசாந்தி ஒழுங்கான பிள்ளை. சரியாகப் பதினாலாம் நாள், அதே கிழமையில் போயிருக்கிறாள்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த ஒன்பது வீடுகளில் ஒன்பதாவது உங்களுடையது. நீங்கள் மெக்கானிக். தாளில் ‘கணவர்: கரைத் தொழில்’ என்று பதிந்திருக்கிறோம். கரையில் நின்றும் 1.8 வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே மற்ற எல்லாருடைய எண்ணையும் என்னால் விளக்க முடிகிறது, உங்களுடையதைத் தவிர.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த எண்ணை முதலில் கண்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. மற்ற 161 தாள்களையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். அதை ஒரு தரம்தான். ஆசிரியப் பயிற்சிக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அக்கா உங்களை மணந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. அன்றிலிருந்து அப்படி ஓர் எண்ணைத்தான் எதிர்பார்த்திருந்தேன் போல.

பெப்ரவரி 12, பெப்ரவரி 26. இரண்டும் புதன்கிழமை. அன்று காலை நீங்கள் எங்கே நின்றீர்கள்?

ஜெசிதா


காங்கேசன்துறை
04.07.2025

ஜெசிதாவுக்கு,

குளிசை கிடைத்தது. பொட்டலத்துக்குள் ஒரு போத்தல் மிளகாய்த் தூளும் இருந்தது. அதைப் பற்றி நீர் எழுதவில்லை. உமக்கும் தெரியாதாக்கும்.

திருத்திய எஞ்சின்களை நான் புதன்கிழமைகளில்தான் கடலில் ஓட்டிப் பார்ப்பது. கரையில் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் ஓடுகிற எஞ்சின் எல்லாம் நல்ல எஞ்சின்தான். கடலில் பாரம் இழுக்கும்போதுதான் உண்மை தெரியும். பெப்ரவரி 12 நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜெரிசனின் எஞ்சின். மண்டைதீவுப் பக்கம் போய்க் கொண்டிருக்கும்போது நின்றது. இன்னொரு போட் வந்து கட்டி இழுத்து, கரைக்கு வரும்போது பின்னேரம் நாலு மணி. மற்றப் புதனும் கடலில்தான் நின்றேன்.

நாலு மணிக்குப் பசியோடு போனால் அடுப்பு மூட்டவில்லை. அரிசி களைந்தபடி. அவள் வாசலில். நான் சத்தம் போட்டேன். ‘நாள் முழுக்க என்ன செய்தனி?’ என்று கேட்டேன்.

ஜெசி, இந்தக் கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய் வந்தேன். அடுப்பு மூட்டாத நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வந்த அளவில் எல்லாம் புதன்கிழமை.

உடனே பஸ் ஏறலாம் என்று சேட்டும் போட்டுப் பொத்தானும் பூட்டிவிட்டேன். பிறகு கழற்றினேன். ஏன் என்று சொல்கிறேன். உமக்குப் பிடித்த எண் வந்தது, நீர் சோதிக்கவில்லை. இப்போது எனக்குப் பிடித்த விளக்கம் வந்திருக்கிறது. நானும் சோதிக்காமல் ஏறிப் போனால் உமக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எஞ்சின் நின்றால் பிளக்தான் பழுது என்று சொல்வது சுகம். பிளக்கை மாற்றி, எஞ்சின் ஓடி, பழைய பிளக்கைத் திரும்பப் போட்டு, எஞ்சின் நின்றால்தான் அது பிளக்.

அதே போலச் செய்யும். கிழமை நாளில் கேட்டவர்களை ஞாயிறு கேளும். ஞாயிறு கேட்டவர்களை, கணவன் கடலில் நிற்கும் நேரம் பார்த்துக் கேளும். கொக்காவையும் கேளும். அவள் ஏழு போட்டால் அன்றைக்கே வாறன்.

லெனாட்


வட்டுக்கோட்டை
10.08.2025

அன்புள்ள அத்தான்,

ஐந்து கிழமை எடுத்தது. றொசாந்தி நாற்பது வீடுகளுக்கு நாள் மாற்றிப் போனாள். கிழமை நாளில் இரண்டு போட்டவர்கள் ஞாயிறு ஆறு போட்டார்கள். ஞாயிறு ஆறு போட்டவர்கள், கணவர் கடலில் நிற்கும்போது இரண்டு போட்டார்கள். ஒரு வீட்டில் ஐந்தாம் கூற்று முடிகிற நேரம் கணவர் மீன் கூடையோடு உள்ளே வந்திருக்கிறார். முதல் ஐந்துக்கும் இரண்டு, மிச்சம் ஐந்துக்கும் ஏழு. அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம் போலிருந்தது.

பிளக்தான் அத்தான்.

மாநாட்டில் பழைய முடிவை வாசிக்கவில்லை. ‘கரையோர மனைவியருக்கு நிறைவு குறைவு’ என்ற வரியை அடித்துவிட்டு, ஏன் அது பிழை என்று இருபது நிமிடம் கதைத்தேன். எங்கள் துறைத் தலைவருக்கு முகம் சரியில்லை. “பதினெட்டு மாத வேலையை நீரே உடைச்சுப் போட்டீரே” என்றார். இடைவேளையில், முன்பின் தெரியாத ஒரு பேராசிரியை வந்து, தன் பழைய தாள்களையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்காமலே போனார்.

இனி அக்கா. உங்களுக்கு உறுதி தர விரும்பி, போன ஞாயிறு நானே போனேன். வினாக்கொத்தையும் பேனாவையும் எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“பொறு. அவர் எங்கை நிக்கிறார்?”

“காங்கேசன்துறையிலை.”

“அது தெரியும். கரையிலையோ?”

“ஞாயிற்றுக்கிழமை அக்கா. கரையிலைதான் நிப்பார்.”

“பாத்தனியோ?”

“இல்லை.”

“அங்கை புதுக் கடல். அவருக்குப் பழக்கமில்லாத கடல். ஆரோ ஒராளின்ரை எஞ்சினை ஏத்திக்கொண்டு எந்த நாள் எங்கை போறாரோ.” என் கையை விட்டாள். “எல்லாத்துக்கும் ஒண்டைப் போடு.”

“எல்லாத்துக்குமோ?”

“எல்லாத்துக்கும். நாலாங் கேள்விக்கு அதிலும் குறைய ஏதும் இருந்தால் அதைப் போடு.”

ஆகவே நீங்கள் கேட்ட ஏழு கிடைக்கவில்லை. புள்ளி 1.8இலிருந்து 1.0க்கு இறங்கியிருக்கிறது. 162 பேரில் இதைவிடக் குறைந்த புள்ளி ஒருவருக்கும் இல்லை. விஞ்ஞானி என்ற முறையில் இதற்கு மேல் விளக்கம் எழுத எனக்கு அனுமதி இல்லை. மச்சாள் என்ற முறையில், நீங்கள் கழற்றி வைத்த சேட்டைத் திரும்பப் போடலாம் என்று நினைக்கிறேன்.

அக்கா வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். 27ஆம் திகதி புதன்கிழமை, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகிற கப்பல். பங்கு ஆட்களோடு வருகிறாள். நீங்கள் இறங்குதுறைக்கு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அதை எப்படி எடுப்பது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கணவர்களுக்கென்று புதிதாக ஒரு வினாக்கொத்துத் தயாரித்திருக்கிறேன். மீண்டும் பிறப்பதையும் வெளியே உணவருந்துவதையும் எடுத்துவிட்டேன். மேலே ஒரு புதிய கட்டம் சேர்த்திருக்கிறேன்: ‘வாழ்க்கைத் துணை இந்நேரம் எங்கே?’ ஒருவர் நிரப்பிப் பார்த்தால் நல்லது. ஒரு பிரதி இணைத்துள்ளேன்.

ஜெசி


காங்கேசன்துறை
27.08.2025, பின்னேரம் மூன்று மணி

அன்புள்ள ஜெசி,

காலை ஆறு மணிக்கே இறங்குதுறையில் நின்றேன். முழுச் சவரத்தோடு. பஸ் வந்தது ஒன்பதரைக்கு.

கொக்கா இறங்கினாள். என்னைக் கண்டும் காணாத மாதிரி பையை எண்ணினாள். இரண்டு பைக்கு அவ்வளவு நேரம் எண்ணத் தேவையில்லை. நான் ஒன்றைத் தூக்கினேன்.

“வரவேண்டாம் எண்டு சொல்லிவிட்டனான்.”

“ஓம், அதுதான் வந்தனான்.”

சிரிப்பு வந்ததை விழுங்கினாள். “மெலிஞ்சு போனியள். புளியோ?” என்று கேட்டாள். “தூள் முடிஞ்சுது” என்றேன். பிறகு இருவரும் துறையோரத்து வாங்குப் பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். மண்டைதீவில் எஞ்சின் நின்ற நாள் சத்தம் போட்டது பிழை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். “இண்டைக்குப் புதன்கிழமை. ஒண்டும் கதையாதேங்கோ” என்றாள். கதைக்கவில்லை.

கடைசியாக, வரிசையில் நிற்கும்போது கேட்டேன்.

“என்ன நேர்த்தி?”

“அதைக் கேக்காதேங்கோ.”

இந்த முறை எனக்கு விளங்கியது.

“வீட்டுப் பூட்டுத் திறப்பு பக்கத்து வீட்டிலை குடுத்திருக்கிறன். கோழிக்குத் தீன் போடோணும்” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். மேலே போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் ‘அக்கா போறதாலை கவலையோ’ என்று கேட்டாள். ‘கவலையோ? நல்லது, தொலைஞ்சுது’ என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை ஒன்று தசம் எட்டு.

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டபின் உமது வினாக்கொத்தை அந்த வாங்கிலேயே இருந்து நிரப்பினேன். இணைத்திருக்கிறேன். பத்துக் கூற்றுக்கும் ஒன்று. ‘என் மனைவியைப் பெற்றது என் பாக்கியம்’ என்ற இடத்தில் பேனா இரண்டு தரம் நின்றது, காற்றும் கொஞ்சம் எழும்பியது, கோட்டை அழுத்தி ஒன்றையே வட்டமிட்டேன். மேலே நீர் போட்ட புதிய கட்டத்தையும் நிரப்பியிருக்கிறேன். அதை முதலில் பாரும். பிறகு புள்ளியைப் பதியும்.

பொழுதுபடக் கப்பல் நாகபட்டினம் சேர்ந்துவிடும் என்கிறார்கள். சேர்ந்ததும் உமக்குச் சொல்லும்படி பங்கு ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். இதை எமில்ராஜிடம் கொடுத்து இன்றே உம்மிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு, நான் அடுத்த பஸ்ஸில் குருநகர் போகிறேன். செய்தி வந்தால் வீட்டுக்கு எடும். தொலைபேசியிலேயே எடும். குறுக்கே கதைத்தாலும் பறவாயில்லை.

அத்தான்

பி.கு: அரிசி களைந்து வைப்பேன். அடுப்பு மூட்டமாட்டேன்.